எச்.பி. முத்திரை போட்ட சர்க்கரை இடுக்கி: அந்த அம்மாள் கையால் செய்ததா?

கேள்வி: 6 ஜனவரி 2024

வேலையிடத்திலிருந்து ஓய்வு பெற்றுப் போன ஒருவர் எனக்கு ஒரு வெள்ளி இடுக்கி கொடுத்தார். தேநீருக்குச் சர்க்கரைக் கட்டி எடுப்பதற்கானது. எடை 28 கிராம். இரண்டு கைகளிலும் மினுமினுக்கும் வெட்டுக்கோடுகள், வளைவின் மேல் யாருடைய பெயரெழுத்தோ இருக்கிறது. உள்பக்கம் ஒரு சிங்கம், சாய்வெழுத்தில் எச்.பி., பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். "1770களில் ஹெஸ்டர் பேட்மன் என்ற அம்மாள் லண்டனில் தன் கையால் செய்தது" என்று சொல்லிக் கொடுத்தார். நம்பலாமா?

6 ஜனவரி, இரவு

நம்பலாம் என்றுதான் தோன்றுகிறது. ஹெஸ்டர் பேட்மன் பெயரைக் கேட்டாலே எனக்கு உட்கார்ந்து எழுத வேண்டும் போலிருக்கும்.

1708இல் ஞானஸ்நானம் பெற்றவர். கணவர் ஜான் பேட்மன் தங்கச் சங்கிலி செய்கிறவர். 1760இல் காசநோயில் இறந்தார், தன் கருவிகளை மனைவி பெயருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு, 1761 ஏப்ரலில், இந்த அம்மாள் லண்டன் பொற்கொல்லர் மன்றத்தில் தன் பெயரில் முத்திரை பதிவு செய்தார். அப்போது வயது 52. பன்ஹில் ரோ தெருவில் பட்டறை. கரண்டி, இடுக்கி, தேநீர்க் கெண்டி, உப்புக் கிண்ணம், க்ரீம் குவளை என்று 1790 வரை நடத்தினார், 1794இல் இறந்தார். சாய்வெழுத்து எச்.பி. அவர் முத்திரைதான்.

பள்ளத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எங்கோ இடிபட்டிருக்கும், அல்லது தேய்ந்துபோன முத்திரையாக இருக்கும்.

7 ஜனவரி

ஒன்று விட்டுப்போனது. இடுக்கியை வெளிச்சத்தில் பிடித்து வளைவின் உள்பக்கம் பாருங்கள். இந்தப் பொருள் உடைவது அங்கேதான். சாம்பல் நிறத்தில் திட்டு இருந்தால் யாரோ ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

9 ஜனவரி

படம் போட்டதற்கு நன்றி. நான் சொன்னது தப்பு. பள்ளத்தைக் கவலைப்படாதீர்கள் என்று எழுதினேன் அல்லவா, அதை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், படிக்கிறவர்களுக்குப் பயன்படும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பள்ளத்துக்கு நெற்றி, மூக்கு, முகவாய் எல்லாம் இருக்கின்றன. இடப்பக்கம் பார்க்கிற ஒரு மனிதத் தலை, மேலெழும்பி நிற்காமல் உள்ளே குழிந்து இருக்கிறது. மூன்றாம் ஜார்ஜ் மன்னர்!

1784 டிசம்பர் 1 முதல் வெள்ளிச் சாமானுக்கு அவுன்ஸுக்கு 6 பென்ஸ் வரி விதித்தார்கள். வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளம் மன்னர் தலை. முதலில் அதைக் குழிவாக அடித்தார்கள். 1786 மே மாதத்தில் மாற்றி, மற்ற முத்திரைகளைப் போல எழும்பி நிற்கும் தலையாக, வலப்பக்கம் பார்க்கும்படி அடிக்க ஆரம்பித்தார்கள். ஆக, குழிந்த தலை இருந்த காலம் மொத்தம் ஒன்றரை ஆண்டுதான்.

இடுக்கி மாதிரிச் சின்னப் பொருட்களில் ஆண்டெழுத்தை (எந்த ஆண்டு முத்திரை போட்டது என்று காட்டும் எழுத்து) அடிக்காமல் விடுவது அந்நாளில் வழக்கம். உங்களுடையதிலும் இல்லை. அந்தக் குறையை இந்தப் பள்ளம் தீர்த்துவைத்துவிட்டது. 1770கள் இல்லை. 1784 கடைசிக்கும் 1786 நடுவுக்கும் இடையில். 28 கிராம் என்றால் வெள்ளி நிறுக்கிற ஒரு அவுன்ஸுக்கு (31 கிராம்) கொஞ்சம் குறைவு, ஐந்தரை பென்ஸ் அளவுக்கு வரி போயிருக்கும்.

9 ஜனவரி, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1785இல் ஹெஸ்டருக்கு 76 வயது.

76 வயதில் ஒருவர் பட்டறையில் உட்கார்ந்து இடுக்கிக் கையில் கோடு வெட்டமுடியாது என்று சொல்லவில்லை. ஆனால் 'தன் கையால்' என்பதை நான் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது. அந்த எழுத்து முத்திரைக்கு அர்த்தம் 'நான் செய்தேன்' என்பது இல்லை. 'இதன் மாற்றுக்கு நான் பொறுப்பு' என்பதுதான். மன்றத்துக்குச் சாமானை அனுப்புகிறவர் தன் எழுத்தை அடித்து அனுப்புவார். மன்றத்தார் அதில் துளி சுரண்டி எடுத்து மாற்றுப் பார்ப்பார்கள். 92.5 சதவீதம் வெள்ளி தேறினால் சிங்கம். தேறாவிட்டால் உடைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். நம் கடைகளில் பேசுகிற ஹால்மார்க் என்ற சொல்லே அந்த மன்றக் கட்டடத்திலிருந்து வந்ததுதான்.

ஆக எச்.பி. என்பது ஒரு கடையின் பெயர், ஒருவரின் கை அல்ல. உள்ளே தகடு வெட்டுகிறவர், பற்றவைக்கிறவர், கோடு வெட்டுகிறவர், மெருகேற்றுகிறவர் என்று தனித்தனி ஆட்கள். அவர்கள் பெயர் எதிலும் இல்லை.

13 ஜனவரி

"அப்படியானால் அந்த அம்மாளுக்கு இவ்வளவு பெயர் வந்தது பொய்யா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நான் அவரைக் குறைத்துச் சொல்ல வரவில்லை.

அந்நாளில் கணவன் இறந்தபின் மனைவி முத்திரை பதிவு செய்வது அபூர்வம் இல்லை. லூயிசா கோர்ட்டோல்ட் 1765இல் கணவரை இழந்து தொழிலை ஏற்று, பிறகு ஜார்ஜ் கவுல்ஸ் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு மிக நல்ல வேலைகளைக் கொடுத்தார். ஹெஸ்டரிடம் எனக்குப் பிடித்தது வேறு. முத்திரை பதிந்த முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் பெயர் தாங்கிய சாமான் அதிகம் கிடைப்பதில்லை. மற்றக் கடைகளுக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடைகள் தங்கள் எழுத்தை அடித்து விற்றன. 1770களின் நடுவிலிருந்துதான் எச்.பி. பெருகுகிறது. அதாவது 65 வயதுக்குப் பிறகு! பிறருக்குக் கூலிவேலை செய்த ஒரு பட்டறையைத் தன் பெயர் சொல்லும் கடையாக நிமிர்த்தினார். அது ஒரு இடுக்கியை அடிப்பதைவிடப் பெரிய வேலை.

பின்கதையும் சொல்லிவிடுகிறேன். 1790இல் ஓய்வெடுத்தபின் மகன்கள் பீட்டரும் ஜோனத்தனும் சேர்ந்து முத்திரை பதிந்தார்கள். சில மாதங்களில் ஜோனத்தன் இறந்தார். அதனால் அந்த இரட்டைப் பெயர் முத்திரை மிக அரிது, சேகரிக்கிறவர்கள் தேடி அலைவார்கள். 1791இல் பீட்டரோடு ஜோனத்தனின் மனைவி ஆன் சேர்ந்தார். மாமியார் செய்ததையே மருமகளும் செய்தார், கணவன் போன இடத்தில் தன் எழுத்தை வைத்தார்.

14 ஜனவரி

பெயர் மாற்றி அடிப்பது பற்றி இன்னொன்று. ஷெஃபீல்ட் என்ற இங்கிலாந்து ஊரில் செய்த மெழுகுவத்தித் தண்டுகளை வாங்கி, ஷெஃபீல்டுக்காரர் எழுத்தின் மேலேயே தங்கள் எழுத்தை அடித்து விற்ற லண்டன்காரர்கள் உண்டு. நிறுத்துப் பார்த்தும் ஏமாறலாம், ஏனென்றால் அந்தத் தண்டுகள் அச்சில் அடித்த மெல்லிய தகடு, உள்ளே இரும்புக் கம்பியும் தார் மாதிரியான கீலும்.

16 ஜனவரி

"பேட்மன் சாமான் எல்லாம் தகரம் மாதிரி மெலிசு, பணக்காரர் வீட்டு வெள்ளியோடு வைத்துப் பார்த்தால் தெரியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

மெலிசு உண்மை. அது எப்படி வந்தது என்று பாருங்கள்.

1738இல் ஹெர்குலேனியம், 1748இல் பொம்பெய் என்று இத்தாலியில் எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து பழைய ரோமானிய ஊர்களைத் தோண்ட ஆரம்பித்தார்கள். ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் இத்தாலியில் சில ஆண்டுகள் இருந்து பார்த்துவிட்டு 1758இல் லண்டனுக்கு வந்தார். அதற்கு முன் அங்கே இருந்த வெள்ளி எப்படி இருந்தது தெரியுமா? சிப்பி, அலை, சுருள், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும், எங்கே கண்ணை நிறுத்துவது என்று தெரியாது. ஆடம் எல்லாவற்றையும் நேராக்கினார். தாழி வடிவம், இரண்டு பக்கமும் ஒத்த அளவு, விளிம்பில் முத்து முத்தாக ஒரு வரிசை, உடம்பில் தோரணம், ஆட்டுக்கிடாய்த் தலை. வீட்டுக் கூரை முதல் மேசை வெள்ளி வரை ஒரே கையாக வரைந்து கொடுத்தார். வெல்ஷ் செல்வந்தர் வாட்கின் வில்லியம்ஸ் வின்னின் குதிரை செஸ்டர் பந்தயத்தில் ஜெயித்ததற்காக அவர் வரைந்து, வெள்ளிக் கொல்லர் தாமஸ் ஹெமிங் 1771இல் முடித்த பெரிய கிண்ணம் இன்று கார்டிஃப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வாங்கப் பெரும் செல்வர்களால்தான் முடியும்.

அந்த வடிவம் பெரிய வீட்டிலிருந்து வக்கீல் வீட்டுக்கும் துணிக்கடைக்காரர் வீட்டுக்கும் இறங்கிய வழியைத்தான் பேட்மன் பட்டறையில் பார்க்கிறோம். பழைய முறையில் கெண்டி செய்ய ஒரு வட்டத் தகட்டை எடுத்து, பட்டடைமேல் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி, இறுகினால் நெருப்பில் காட்டி இளக்கி, மறுபடி தட்டி எழுப்ப வேண்டும். நாட்கணக்கில் ஆகும். இப்போது உருளை இயந்திரத்திலிருந்து ஒரே கனமாகத் தகடு வந்துவிட்டது. வெட்டி, முட்டை வடிவத்துக்கு வளைத்து, கைப்பிடிக்குப் பின்னால் ஒரே ஒரு இணைப்பு வைத்து, அடித்தட்டைப் பற்றவைத்தால் முடிந்தது. ஆடம் கேட்ட நேர்ச்சுவர் இந்த முறைக்குச் சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது. புடைப்பு வேலை போட வெள்ளி கனமாக வேண்டும். மெல்லிய தகட்டுக்கு உளிக்கோடு போதும்.

வெள்ளி வரி வந்த அதே 1784இல் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து பன்னிரண்டரைக்கு இறக்கினார்கள். தேநீர் குடிக்கிற வீடுகள் பெருகின. கெண்டி வேண்டும், ஆனால் அவுன்ஸுக்கு ஆறு பென்ஸ் வரி. நீங்கள் கடைக்காரராக இருந்தால் என்ன செய்வீர்கள்? கனத்தைக் குறைத்து, வடிவத்தில் கவனம் வைப்பீர்கள்.

1806இல் டேத்தம் என்ற கட்டடக் கலைஞர், நல்ல வெள்ளிக்குக் கனம்தான் லட்சணம், இப்போது எல்லாம் இலேசாகிவிட்டது என்று வருத்தப்பட்டு எழுதினார். அவர் காலத்தில் காற்று மாறிவிட்டது. பால் ஸ்டோர் போன்ற வெள்ளிக் கொல்லர்கள் அரச குடும்பத்துக்குச் செய்த சாமானைத் தூக்க இரண்டு கை வேண்டும். அவை மகத்தான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு 1780களின் கெண்டிதான் மனசுக்கு நெருக்கம். அதில் ஏமாற்று இல்லை. இவ்வளவுதான் வெள்ளி என்று சொல்லிவிட்டு, அந்த வெள்ளியை எங்கே வளைப்பது என்று மட்டும் யோசித்திருக்கிறார்கள்.

17 ஜனவரி

தட்டையான அடி வைத்த அந்தக் கெண்டிகள் மேசையின் மெருகைச் சுட்டுவிட்டன. அதனால் நான்கு சின்னக் கால் வைத்த தட்டு ஒன்று தனியாகச் செய்து கூடவே விற்றார்கள். இன்று கெண்டி ஒரு வீட்டிலும் தட்டு ஒரு வீட்டிலும் பிரிந்து கிடக்கின்றன. இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் விடாதீர்கள்.

20 ஜனவரி

ஷெஃபீல்ட் பிளேட் பற்றிக் கேட்டவருக்கு: அது பிற்காலத்து மின்முலாம் இல்லை. 1740களில் தாமஸ் போல்சோவர் என்பவர் செம்பையும் வெள்ளியையும் சேர்த்துச் சூடாக்கினால் ஒட்டிக்கொள்ளும், உருளையில் விட்டால் ஒன்றாகவே விரியும் என்று கண்டார். தோசைமாவு மாதிரி சேர்ந்தே பரவும். ஓரத்தில் செம்பு தெரியும் என்பதால் விளிம்புக்கு வெள்ளிக் கம்பி வைத்து மூடுவார்கள்.

பெயரெழுத்தை வெட்டினால் உளி செம்பைத் தொட்டுவிடும். அதனால் வெட்டுகிற இடத்தில் மட்டும் சுத்த வெள்ளியில் ஒரு துண்டு வைத்துத் தேய்த்து இணைத்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாது. வாயால் ஊதிப் பாருங்கள். மூச்சின் ஈரம் படியும்போது அந்தத் துண்டின் ஓரம் ஒரு நொடி தெரிந்து மறையும். முதல்முறை அதைப் பார்த்த அன்று ஒரு தட்டை வைத்துக்கொண்டு பத்துமுறை ஊதினேன்.

பர்மிங்ஹாமில் வெள்ளிச் சாமான் செய்த தொழிலதிபர் மேத்யூ போல்டனையும் சொல்ல வேண்டும். அவர் ஊரில் முத்திரை போட இடமில்லை, சாமானைச் செஸ்டருக்கு அனுப்ப வேண்டும். 1771இல் அவருடைய மெழுகுவத்தித் தண்டுகள் முத்திரை போட்டுத் திரும்பியபோது, கவனமில்லாமல் பொதி கட்டியதால் சிதைந்து வந்தன. அவர் சும்மா இருக்கவில்லை, நாடாளுமன்றம் வரை போனார். 1773இல் பர்மிங்ஹாமுக்கும் ஷெஃபீல்டுக்கும் முத்திரை நிலையம் கிடைத்தது. பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு கிரீடம். கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம் ஏன் என்றால், லண்டனில் கிரீடமும் நங்கூரமும் என்ற பெயருள்ள விடுதியில் கூடிப் பேசியதால் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

21 ஜனவரி

பட்டறை அண்ணன் ஒருவர் (அப்பா காலத்திலிருந்து நகைத்தொழில்) என்னைத் திருத்தியிருக்கிறார். 16ஆம் தேதி 'உளிக்கோடு போதும்' என்று எழுதினேன். "வெறும் கோடு இல்லை தம்பி, அது பட்டை. உளியின் முகத்தைக் கண்ணாடி மாதிரி தீட்டி, சாய்த்துப் பிடித்து, ஒரே தள்ளில் சீவி எடுக்க வேண்டும். உளியின் மெருகு அப்படியே வெட்டின முகத்தில் இறங்கும். நின்று யோசித்தால் தழும்பு விழும்" என்கிறார்.

நேற்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரு மெழுகுவத்தி ஏற்றி, என்னிடம் இருக்கிற இடுக்கியைப் பக்கத்தில் வைத்தேன். மின்விளக்கில் அது முழுவதும் ஒரே வெள்ளை. மெழுகுவத்தியில் தகடு இருட்டாகிவிட்டது, வெட்டுகள் மட்டும் ஒவ்வொன்றாகத் தீப்பிடித்தன. சுடர் அசையும்போது மினுக்கு கைப்பிடி முழுக்க ஓடியது. இதை வெட்டியவர் எந்த வெளிச்சத்துக்கு வெட்டுகிறோம் என்று தெரிந்தே வெட்டியிருக்கிறார்.

ஒரு கையில் கீழிருந்து ஏழாவது வெட்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீளம், தள்ளு தாண்டிப் போயிருக்கிறது. 9ஆம் தேதி 'அவர்கள் பெயர் எதிலும் இல்லை' என்று எழுதினேன். பெயர் இல்லை, சரி. ஆனால் அந்த ஏழாவது வெட்டு ஒரு குறிப்பிட்ட ஆளின் கை.

28 ஜனவரி

வெள்ளியை எப்படித் துலக்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். புளி, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். முக்கி எடுக்கிற ரசாயனம் வேண்டவே வேண்டாம். வெட்டு முகத்தின் மெருகு போனால் திரும்ப வராது. வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, பருத்தித் துணி. தினமும் உபயோகித்தால் சீக்கிரம் கறுக்காது.

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். ஒரு ஏலத்தில் பேட்மன் கரண்டி என்று ஆசையாக ஒன்று எடுத்தேன். முத்திரை சரி, ஆண்டெழுத்து சரி. ஆனால் கிண்ணப் பகுதியில் திராட்சையும் பேரிக்காயும் புடைத்து நிற்கின்றன, தங்கமுலாம் வேறு. வீட்டுக்கு வந்து படித்தபிறகுதான் தெரிந்தது, சாதாரணமாக இருந்த பழைய கரண்டிகளை விக்டோரியா காலத்தில் எடுத்து, பழம் பரிமாறுகிற கரண்டி என்று புடைப்பு அடித்து விற்றிருக்கிறார்கள். விற்பனைக் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. பணத்தைவிட, அந்த நேரான கரண்டி போயிற்றே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

4 பிப்ரவரி

வெள்ளியைப் பற்றியே பேசிவிட்டோம், அதால் எடுத்த சர்க்கரையைப் பற்றிப் பேசவில்லை.

அந்நாளில் சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக வரும். இரும்புக் கத்திரியால் உடைத்துக் கிண்ணத்தில் வைப்பார்கள், அதனால்தான் இடுக்கி. அந்தச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகள் வெட்டிய கரும்பு. 1791இல் அடிமை வணிகத்தை நிறுத்தும் மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தச் சர்க்கரையை வாங்க மாட்டோம் என்று நிறுத்தின. வீட்டுக்கு என்ன வாங்குவது என்று முடிவெடுத்த பெண்கள் அதில் முன்னே நின்றார்கள். அடிமைமுறை ஒழிந்தபின் 1830களிலிருந்து அதே கரும்புக்கு ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸுக்குக் கப்பலேறியவர்களில் நம் தமிழ் ஆட்களும் இருந்தார்கள்.

இதற்காக இடுக்கியை வெறுக்கச் சொல்லவில்லை. என்னால் முடியாது. ஆனால் மெழுகுவத்தி மினுக்கை எழுதிய கையால் இதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

11 பிப்ரவரி

உள்வளைவின் படம் பார்த்தேன். சாம்பல் திட்டு இல்லை. நீங்கள் 'விரிசலோ' என்று பயப்படுகிற இரண்டு மெல்லிய கோடுகள் வளைவுக்கு இருபக்கமும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. விரிசல் அப்படிச் சமமாக வராது. வளைவையும் கைகளையும் தனித்தனியாகச் செய்து வெள்ளிப் பொடி வைத்துப் பற்றவைத்த இணைப்பு அது, பிறந்ததிலிருந்து இருக்கிறது. வளைவை மட்டும் தட்டி இறுக்கியிருப்பார்கள், அந்த விறைப்புதான் இடுக்கிக்கு வில். அழுத்தி விட்டால் திரும்பி விரிகிறது என்கிறீர்கள், நல்லது. ஆனால் முழுக்க விரித்துச் சோதிக்காதீர்கள்.

வளைவின் மேல் இருக்கிற எழுத்துகளில் மேலே நடுவில் ஒன்றும் கீழே இரண்டும் தெரிகின்றன. மேலே இருப்பது குடும்பப் பெயர், கீழே கணவன், மனைவி பெயரெழுத்துகள் என்று வைப்பது வழக்கம். கல்யாணச் சாமானாக இருக்கலாம். கீழே வலப்பக்க எழுத்து படத்தில் எம் மாதிரியும் தெரிகிறது, டபிள்யூ மாதிரியும் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில், சாய்த்துப் பிடித்து இன்னொரு படம் போடுங்கள்.